தடுப்பூசி போட்டும் வாத்து செத்தது ஏன்? – கால்நடைக் கேள்வி பதில்

"எங்களிடம் 820 ஆரணி வாத்துகள் இருக்கின்றன. முட்டை பிடித்து ஒரு மாதம்தான் ஆகிறது. அறுவடை முடிந்த வயல்களில் மேய்க்கிறோம். பக்கத்து ஊர்ப் பட்டியில் வாத்து சாவதாகக் கேள்விப்பட்டு, உடனே வாத்துப் பிளேக் தடுப்பூசி வாங்கிப் போட்டோம். நாலாம் நாள் 7 வாத்து செத்தது. பத்து நாளில் 62 போய்விட்டது. இப்போது இரண்டு நாளாகச் சாவு இல்லை. பத்தாம் நாள் ஒரு தனியார் ஆய்வகத்தில் ரத்தம் கொடுத்துப் பார்த்தோம். 'எதிர்ப்புச் சக்தி வரவில்லை' என்று எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். மருந்து போலி என்கிறார் ஒருவர். வாத்துக்கு மூன்று முறை போட்டால்தான் பிடிக்கும் என்கிறார் இன்னொருவர். ஆந்திரா பக்கம் வயலுக்கு முன்பணம் கொடுத்தாகிவிட்டது. 12 நாளில் லாரி வருகிறது. வட்டிக்கு வாங்கிய பணம் ஐயா. மறுபடி ஊசி போட்டுவிட்டுக் கிளம்பலாமா?"

– செய்யாறு வட்டாரத்திலிருந்து ஒரு வாசகர்

கடிதம் கைக்கு வந்த அன்றே இவரிடம் தொலைபேசியில் பேசிவிட்டேன். இதழ் வரும்வரை காத்திருக்கிற விஷயம் இல்லை இது. ஆனால் இதே கேள்வியை வேறு வேறு வடிவத்தில் வருஷத்துக்கு நாலைந்து பேர் கேட்கிறார்கள் என்பதால், அவரிடம் சொன்னதைக் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

முதலில், மருந்து போலியா? நாலாம் நாள் செத்த வாத்தை வைத்து அப்படிச் சொல்ல முடியாது. வாத்துப் பிளேக் வைரஸ் உடம்புக்குள் புகுந்து நோய் வெளியே தெரிய 3 முதல் 7 நாள் ஆகும். தெரிந்த பிறகு 1 முதல் 5 நாளுக்குள் வாத்து செத்துவிடும். நீங்கள் ஊசி போட்டதே பக்கத்துப் பட்டியில் சாவு தொடங்கிய பிறகு. இரண்டு மந்தையும் ஒரே வாய்க்காலில் நீந்தியிருக்கின்றன (இதைப் பேசும்போதுதான் சொன்னார்). ஊசி போட்ட அன்றைக்கே உங்கள் வாத்துகளில் ஒரு பங்குக்குள் நோய் இருந்திருக்கிறது. 62 பேர் போனது அந்தக் கணக்கில். ஊசி பிடித்ததால்தான் மற்ற 758 நிற்கிறது என்றும் இருக்கலாம். பிளேக் தடுப்பூசி உயிருள்ள, வீரியம் குறைத்த வைரஸ். நோய் பரவும் நேரத்தில்கூட ஆரோக்கியமாகத் தெரிகிற வாத்துகளுக்கு அதைப் போடுவது உலகம் முழுக்க உள்ள நடைமுறை. நீங்கள் செய்தது சரி, கொஞ்சம் தாமதம், அவ்வளவுதான்.

அடுத்தது அந்த ஆய்வக அறிக்கை. அறிக்கையைப் படம் பிடித்து அனுப்பச் சொன்னேன். வந்ததைப் பார்த்ததும் பழைய நினைவு ஒன்று குத்தியது.

நான் வேலைக்குச் சேர்ந்த புதிது. ஒரு வாத்துக்காரரின் மந்தைக்குக் காலரா தடுப்பூசி போட்டு, மூன்று வாரம் கழித்து ரத்தம் எடுத்துச் சோதனைக்கு அனுப்பினேன். கோழிகளுக்குச் செய்வதைப்போலவே செய்தார்கள். ரத்தச் சிவப்பணுக்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்கிறதா என்று பார்க்கும் சோதனை அது. ஒட்டவே இல்லை. 'ஊசி பிடிக்கவில்லை, மறுபடி போட வேண்டும்' என்று நிறுத்தி வைத்தேன். மருந்து வருவதற்குப் பத்து நாள் ஆனது. அதற்குள் அவர் பேசி வைத்திருந்த வயலெல்லாம் வேறு மந்தைக்குப் போய்விட்டது. முட்டையிடும் வாத்தைப் பிடித்து மறுபடி ஊசி குத்தியதில் முட்டையும் விழுந்தது. அவர் என்னைத் திட்டவில்லை. பிறகு பல வருஷம் கழித்துத்தான் தெரிந்தது, பிழை ஊசியில் இல்லை, வாத்தின் ரத்தம் அந்தச் சோதனைக்குப் பொருந்தாத ரத்தம் என்று. வாத்தைப் பெரிய அலகுள்ள கோழி என்று நினைத்ததுதான் என் தப்பு.

அது எப்படிப் பொருந்தாமல் போகும்? ஆன்டிபாடி என்று நாங்கள் சொல்லும் எதிர்ப்பொருளை உண்டிவில்லின் கவட்டைக் கம்பு மாதிரி நினைத்துக்கொள்ளுங்கள். மேலே இரண்டு கிளை, கீழே ஒரு கைப்பிடி. கிளைகள் இரண்டும் கிருமியைப் பற்றும். கைப்பிடிக்கு வேறு வேலை. கிருமியை விழுங்கும் வெள்ளணுக்கள் அந்தக் கைப்பிடியைப் பிடித்துத்தான் கிருமியை உள்ளே இழுக்கும். கிருமியின் உடம்பில் துளை போடும் புரதக் கூட்டம் ஒன்று ரத்தத்தில் சுற்றுகிறது. அதையும் கூப்பிடுவது இந்தக் கைப்பிடிதான்.

வாத்தின் உடம்பில் கிருமி வந்ததும் முதலில் கிளம்புவது ஐஜிஎம் என்ற வகை. பல கவட்டைகளைக் கைப்பிடிப் பக்கமாகச் சேர்த்துக் கட்டிய பெரிய உருவம் அது. சீக்கிரம் வரும், சீக்கிரம் குறையும். அதன் பின்னால் வருவது ஐஜிஒய். பறவைகளுக்கே உரியது என்று பலரும் நினைக்கும் இது பல்லி, ஆமை இனங்களிலும் உண்டு. இந்த 'ஒய்', மஞ்சள்கருவைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லின் முதல் எழுத்து. தாய் தன் குஞ்சுக்கு முட்டையின் மஞ்சள்கரு வழியாகக் கொடுத்தனுப்புவது இதைத்தான். இதுவரை கோழியும் வாத்தும் ஒன்று.

பிறகுதான் வாத்து தனிவழி போகிறது. வாத்திலும் கூஸ் வாத்திலும் ஐஜிஒய் இரண்டு விதமாக வருகிறது. ஒன்று முழுக் கவட்டை. இன்னொன்று கைப்பிடி நறுக்கப்பட்ட குட்டைக் கவட்டை. முழுசின் எடை மூன்று பங்கு என்றால் குட்டையின் எடை இரண்டு பங்கு. இரண்டும் ஒரே மரபணுவிலிருந்துதான் உருவாகின்றன. எழுதி வைத்த ஒரே குறிப்பை ஒரு முறை கடைசிவரை படிப்பது, ஒரு முறை பாதியில் நிறுத்துவது என்று வைத்துக்கொள்ளுங்கள். 1992-ல் இது மரபணு அளவிலேயே உறுதியானது. நோய்க்கு எதிரான போராட்டத்தின் தொடக்கத்தில் முழுக் கவட்டை அதிகம் இருக்கும். நாள் போகப் போக, அல்லது அதே ஊசியைத் திரும்பத் திரும்பப் போடப் போட, குட்டைக் கவட்டை மேலோங்கிவிடும்.

குட்டைக் கவட்டை கிருமியைப் பற்றும். வைரஸின் பிடிமானப் பகுதியை மூடி, செல்லுக்குள் போகவிடாமல் தடுக்கவும் செய்யும். ஆனால் விழுங்கும் அணுவைக் கூப்பிடாது, துளை போடும் புரதங்களையும் கூப்பிடாது. கைப்பிடி இல்லையே. ஆய்வகத்தில் ஒட்டுச் சோதனை, வீழ்படிவுச் சோதனை போன்றவற்றிலும் அது சரியாக வேலை செய்வதில்லை. வாத்தின் ரத்தம் 'மோசமான பதில்' கொடுக்கிறது என்று பழைய ஆய்வாளர்கள் எழுதியதற்குக் காரணம் இதுதான். வாத்துக்கு எதிர்ப்புச் சக்தியே குறைவு என்று கிராமத்தில் பேசிக்கொள்வதும் இங்கிருந்து வந்ததோ என்னவோ.

இயற்கை ஏன் கைப்பிடியை வெட்டியது? கிருமியோடு சண்டை போடும்போது சொந்த உடம்பும் புண்ணாகும். அந்தச் சேதத்தைக் குறைக்கத்தான் என்று சிலர் ஊகிக்கிறார்கள். சேற்றிலும் சாக்கடையிலும் நாள் முழுக்க அலகை விட்டுத் துழாவுகிற பிறவி அது. ஒவ்வொரு கிருமிக்கும் கொதித்தெழுந்தால் தாங்காது. எனக்கு அந்த ஊகம் பிடித்திருக்கிறது. ஆனால் அது ஊகம்தான்.

இப்போது உங்கள் அறிக்கைக்கு வருவோம். உங்கள் வாத்து ரத்தத்தைக் 'எலைசா' முறையில் சோதித்திருக்கிறார்கள். ஆன்டிபாடி இருக்கிறதா என்று காட்டிக்கொடுக்க அதில் ஒரு நிறமேற்றும் மருந்து சேர்ப்பார்கள். உங்கள் ரத்தத்துக்குச் சேர்த்திருப்பது கோழி ஆன்டிபாடியை அடையாளம் காண்பதற்காகச் செய்யப்பட்ட மருந்து. அது வாத்தின் ஆன்டிபாடியை அரைகுறையாகத்தான் கண்டுகொள்ளும். வாத்துக்கென்று தயாரித்த மருந்து வேண்டும். இது ஒரு கோளாறு. இரண்டாவது, ரத்தம் எடுத்தது பத்தாம் நாள். அப்போது ஐஜிஎம் நிறைய இருக்கும், ஐஜிஒய் இப்போதுதான் ஏறிக்கொண்டிருக்கும். 3 வாரம் கழித்து எடுத்திருந்தால் ஏதாவது சொல்லலாம். மூன்றாவது, பிளேக் வைரஸ் ஹெர்பிஸ் இனத்தைச் சேர்ந்தது, செல்லுக்குள் போய் ஒளிந்துகொள்வது. ஒளிந்த பிறகு எந்தக் கவட்டையும் அதை எட்டாது. அங்கே வேலை செய்வது டி செல் என்ற வேறு படை. அதை ரத்த ஆன்டிபாடிச் சோதனை காட்டாது. ஆக, அந்தத் தாளை மடித்து வைத்துவிடுங்கள். வாத்துக்குப் பொருந்துகிற சோதனை என்றால், வைரஸைச் செயலிழக்க வைக்கிறதா என்று நேரடியாகப் பார்க்கும் நடுநிலையாக்கல் சோதனைதான். அதற்குக் கிளைகள் மட்டும் போதும், கைப்பிடி வேண்டாம். பணம் செலவழித்துச் சோதனை செய்கிறவர்கள் முதலில் ஆய்வகத்திடம் கேட்க வேண்டிய கேள்வி: "இது வாத்துக்கான முறையா?"

மூன்று முறை ஊசி போட வேண்டுமா? வேண்டாம். உயிருள்ள பிளேக் தடுப்பூசி ஒழுங்காகப் போய்ச் சேர்ந்தால் ஒரு தடவை போதும், பிறகு உங்கள் பகுதி மருத்துவர் சொல்லும் இடைவெளியில் ஊக்க ஊசி. வாரத்துக்கு ஒன்று என்று குத்துவதால் வாத்துக்கு வருவது அலைச்சலும் முட்டை இழப்பும்தான். மேலே சொன்னதுபோல, குத்தக் குத்த ஏறுவது குட்டைக் கவட்டையின் பங்கு. காலரா ஊசி கதை வேறு. அது செத்த பாக்டீரியா. அந்தக் கிருமியை ஒழிக்க விழுங்கும் அணுக்களின் தயவு வேண்டும், அதற்குக் கைப்பிடி வேண்டும். அதனால் முதல் ஊசியும் ஊக்க ஊசியும் மருத்துவர் சொன்ன இடைவெளியில் போக வேண்டும். அந்த இடைவெளியை நெருக்கவும் வேண்டாம், விட்டுவிடவும் வேண்டாம்.

ஊசி ஒழுங்காகப் போய்ச் சேர்ந்ததா என்பதுதான் நீங்கள் யோசிக்க வேண்டியது. குப்பியை ஐஸ் பெட்டியில் கொண்டுவந்தீர்களா? கரைத்த மருந்தை 2 மணி நேரத்துக்குள் முடித்தீர்களா? 820 வாத்தை இரண்டு பேர் பிடித்து ஒருவர் குத்தினால் அது சந்தேகம்தான். வெயிலில் வைத்தீர்களா? ஊசியையோ தோலையோ ஸ்பிரிட் போட்டுத் துடைத்தீர்களா? துடைத்திருந்தால் உள்ளே போனது செத்த மருந்து. இவர் கடைசி 200 வாத்துக்கு மதியம் 1 மணிக்கு மேல் போட்டதாக ஒப்புக்கொண்டார். காலை 8 மணிக்குக் கரைத்த மருந்து. அந்த 200-ஐ அடையாளம் வைத்திருந்தால் அவற்றுக்கு மட்டும் மறுபடி போடச் சொல்லியிருப்பேன். வைக்கவில்லை. அதனால் மருத்துவர் நேரில் பார்த்த பிறகு மொத்தத்துக்கும் ஒரே ஒரு தடவை, அதுவும் விடியற்காலையில், சிறு சிறு குப்பியாகக் கரைத்து.

இனி லாரி விஷயம். இதைச் சொல்லத்தான் அன்றைக்கே போன் செய்தேன். கிளம்பாதீர்கள். பிளேக் கண்டு பிழைத்த வாத்து பார்க்க நன்றாக இருக்கும், மேயும், முட்டையிடும். ஆனால் வைரஸ் அதன் நரம்பு முடிச்சுகளில் ஒளிந்து கிடக்கும். பயண அலைச்சல், இறகு உதிர்ப்பு, தீவன மாற்றம் என்று ஏதாவது வந்தால் மறுபடி வெளியேறித் தண்ணீரில் கலக்கும். ஆண்டுக்கணக்கில் இப்படிச் சுமக்கிற வாத்துகள் உண்டு. நீங்கள் இறக்கும் வயலுக்குப் பக்கத்தில் இன்னொருவரின் 2,000 வாத்து இருக்கும். உங்களுக்கு நோய் வந்ததும் இப்படித்தான். கடைசிச் சாவுக்குப் பிறகு 3 வாரமாவது ஒரே இடத்தில், ஓடும் வாய்க்காலில் விடாமல், தொட்டித் தண்ணீர் வைத்துப் பாருங்கள். கைத்தீவனச் செலவு கடிக்கும், தெரியும். முன்பணம் வாங்கிய வயல்காரரிடம் நிலைமையைச் சொல்லி அடுத்த போகத்துக்கு மாற்றிக் கேளுங்கள். சிலர் ஒப்புக்கொள்வார்கள். சோர்ந்த வாத்துகளைக் கறிக்கடைக்கோ சந்தைக்கோ குறைந்த விலைக்குத் தள்ளிவிடலாம் என்ற யோசனை மட்டும் வேண்டவே வேண்டாம். செத்ததை ஆற்றில் எறிவதும் கூடாது, சுண்ணாம்பு போட்டு ஆழப் புதையுங்கள்.

இன்னொன்று. 62 வாத்து செத்தும் ஒன்றையாவது மருத்துவர் அறுத்துப் பார்க்கவில்லை. எனக்கு இதில்தான் வருத்தம். பிளேக் என்றால் கண் பாதி மூடி, வெளிச்சத்தைப் பார்க்காமல், பிசின் ஒட்டியதுபோல இமை ஒட்டியிருக்கும். தண்ணீருக்குத் தவிக்கும், நீர்த்த கழிச்சல் இருக்கும், செத்த ஆண் வாத்தில் குறி வெளியே தள்ளியிருக்கும். அறுத்தால் உணவுக்குழாயில் நீளவாட்டில் வரிவரியாகப் பொருக்கு தெரியும். காலரா என்றால் ஈரலில் குண்டூசி முனை அளவு வெள்ளைப் புள்ளிகள். காலராவுக்கு ஆன்டிபயாடிக் கேட்கும், பிளேக்குக்குக் கேட்காது. பறவைக் காய்ச்சலாகவும் இருந்துவிடலாம் என்பதால், கூட்டமாகச் சாவு வந்தால் கால்நடை மருந்தகத்துக்குச் சொல்லியே ஆக வேண்டும். மறைத்தால் ஆபத்து உங்கள் வீட்டுப் பிள்ளைகளுக்கும் சேர்த்துத்தான். இவரிடம் சொன்ன பிறகு, அடுத்து செத்த ஒரு வாத்தை ஐஸில் வைத்து எடுத்துப்போனார். உணவுக்குழாயில் பொருக்கு இருந்தது. லாரியைத் திருப்பி அனுப்பிவிட்டார்.

பிளேக் தடுப்பூசி ராணிப்பேட்டையில் உள்ள அரசு கால்நடை நோய்த் தடுப்பு மருந்து நிலையத்தில் தயாராகிறது. உங்கள் மருந்தகத்தில் முன்கூட்டியே எழுதிக் கொடுத்தால் வரவழைத்துத் தருவார்கள். நோய் வந்த பிறகு ஓடுவதைவிட, மந்தை கிளம்பும் முன்பே, 8 முதல் 12 வார வயதில் போட்டுவிடுவதுதான் நம் பக்கத்து வழக்கம். (ராணிக்கெட் நோய்க்கும் ராணிப்பேட்டைக்கும் சம்பந்தம் இல்லை. அது உத்தராகண்டில் உள்ள ஊரின் பெயர். மாதம் ஒருவராவது கேட்கிறீர்கள்.)

"தாய் வாத்துகளுக்குத் தடுப்பூசி போட்டிருக்கிறோம். அடைக்கோழியில் பொரித்த வாத்துக்குஞ்சுக்குப் பிறந்த முதல் வாரமே ஊசி போட்டால் நல்லதா?" – திருத்துறைப்பூண்டியிலிருந்து ஒரு பெண் வாசகர்

வேண்டாம் அம்மா. தாய் மஞ்சள்கருவில் வைத்து அனுப்பிய ஐஜிஒய் குஞ்சின் ரத்தத்தில் இருக்கும். நீங்கள் போடும் உயிருள்ள தடுப்பூசி வைரஸை அதுவே பிடித்து அழித்துவிடும். ஊசி வீண், குஞ்சின் உடம்பும் எதையும் கற்றுக்கொள்ளாது. தாய் கொடுத்த கையிருப்பு இரண்டு மூன்று வாரத்தில் கரைந்துவிடும். உங்கள் ஊரில் நோய் நடமாட்டம் இருந்தால் அதற்குப் பிறகு சீக்கிரம் போடுவது பற்றி மருத்துவரிடம் கேளுங்கள்.

அதைவிட முக்கியமான ஒன்று உண்டு. குடல், மூச்சுக்குழாய் உட்சுவர்களைக் காக்க ஐஜிஏ என்று தனி வகை இருக்கிறது. வாத்துக்குஞ்சில் அது மெதுவாக, சில வாரம் கழித்துத்தான் சுரக்கத் தொடங்கும். அதுவரை குடலுக்குக் காவல் குறைவு. அந்தச் சில வாரம் குஞ்சு குடிக்கும் தண்ணீர்தான் உங்கள் தடுப்பூசி. அகலத் தட்டில் தண்ணீர் வைத்தால் அதிலேயே நின்று கழிந்து அதையே குடிக்கும். அலகும் மூக்குத் துளையும் நனைகிற ஆழம் போதும், உடம்பு இறங்கக் கூடாது. ஒரு நாளைக்கு மூன்று தடவையாவது மாற்றுங்கள். அடைக்கோழியின் எச்சம் விழும் இடத்தில் தண்ணீரை வைக்காதீர்கள்.

"மழையில் நனைந்து லேசாகப் பூத்த மக்காச்சோளம் மலிவாகக் கிடைக்கிறது. கழுவிக் காயவைத்து வாத்துக்குப் போடலாமா?" – பெரம்பலூர் வாசகர்

போடாதீர்கள். பூஞ்சை விடும் அஃப்ளடாக்சின் நஞ்சைக் கழுவி எடுக்க முடியாது, வெயிலிலும் போகாது. பண்ணைப் பறவைகளில் அந்த நஞ்சுக்கு வாத்துக்குஞ்சு அளவுக்கு எளிதில் பலியாகிறது வேறு எதுவும் இல்லை. 1960-ல் இங்கிலாந்தில் பூஞ்சை பிடித்த கடலைப் புண்ணாக்கைத் தின்று வான்கோழிகள் ஆயிரக்கணக்கில் செத்தபோதுதான் இந்த நஞ்சே உலகத்துக்குத் தெரிந்தது. வாத்துக்குஞ்சுகளும் அப்போது செத்தன. சாகாவிட்டாலும் ஈரல் கெட்டு, எதிர்ப்புச் சக்தி படுத்துவிடும். பிறகு எந்த ஊசி போட்டும் பிடிக்காது.

"வாத்தையும் நாட்டுக்கோழியையும் ஒரே கொட்டிலில் அடைக்கலாமா? வாத்துக்குப் பறவைக் காய்ச்சல் வராது என்கிறார்களே?" – கம்பம் வாசகர்

வராது என்பது தவறு. பல வகை வைரஸ் வாத்தின் உடம்பில் சத்தமில்லாமல் இருந்துவிட்டுப் போகும். வைரஸ் நுழைந்ததும் மணி அடிக்கும் ஆர்ஐஜி-1 என்ற மரபணு வாத்தில் இருக்கிறது, கோழியில் இல்லை என்று 2010-ல் கண்டுபிடித்தார்கள். இது ஆன்டிபாடி வருவதற்கு முன்பே வேலை செய்யும் காவல். அதனால் வாத்து தாங்கும், தன் எச்சத்தில் வைரஸை விடும், பக்கத்தில் அடைந்த கோழி இரண்டே நாளில் சாகும். ஆனால் எல்லா வைரஸும் வாத்தை விட்டுவைப்பதில்லை. உங்கள் ஊருக்கு மலை தாண்டினால் கேரளா. ஆலப்புழை, கோட்டயம் பகுதியில் 2014-லும் 2021-லும் வாத்துகளே கூட்டங்கூட்டமாகச் செத்தன, மிச்சத்தை அழிக்க வேண்டியதாயிற்று. கொட்டிலைப் பிரித்துவிடுங்கள். இடமில்லை என்றால் இரண்டில் ஒன்றை மட்டும் வளருங்கள். அந்தப் பக்கத்திலிருந்து மலிவாக வரும் வாத்துக்குஞ்சை விசாரிக்காமல் வாங்காதீர்கள்.